இன்டர்போல்ல உங்க பேர் இருக்கான்னு எப்படி பாக்குறது, இருந்தா யாருக்கு எழுதுறது

முதல்ல ஒரு விஷயத்த மனசுல இருந்து தூக்கிப் போட்டுடுங்க. கோட்டு போட்டுக்கிட்டு நாடு நாடா பறந்து போய் விலங்கு மாட்டுற இன்டர்போல் ஆபீசர்னு ஒருத்தர் கெடையாது. யாரையும் அரெஸ்ட் பண்ற அதிகாரமே இன்டர்போலுக்கு இல்ல. 196 நாட்டு போலீஸும் தகவல் பரிமாறிக்கிற ஒரு பெரிய தபாலாபீஸ்னு வெச்சுக்கோங்க, அதோட தலைமை ஆபீஸ் பிரான்ஸ்ல லியான் நகரத்துல இருக்கு. ஒவ்வொரு நாட்டுலயும் நேஷனல் சென்ட்ரல் பீரோன்னு ஒண்ணு இருக்கும், அதுல உக்காந்திருக்கிறது அந்தந்த நாட்டு போலீஸ்தான். இந்த பீரோக்கள் எல்லாம் ஐ-24/7ங்கிற தனி நெட்வொர்க்ல இணைஞ்சிருக்கு, 2003லேருந்து ஓடுது. இது வழியா இன்டர்போல் டேட்டாபேஸ்ல ஏத்துற தகவல் கடைசி வரைக்கும் அனுப்புன நாட்டுக்குத்தான் சொந்தம், அதை யாரு பாக்கலாம் யாரு பாக்கக்கூடாதுன்னும் அந்த நாடே சொல்லலாம். இத ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

சரி, தேட ஆரம்பிப்போம். இன்டர்போல் வெப்சைட்ல ரெட் நோட்டீஸ், அதாவது இந்த ஆள பிடிச்சுக் கொடுங்கன்னு ஒரு நாடு மத்த நாடுகள கேக்குற அறிவிப்பு, அந்தப் பக்கத்துக்குப் போய் பேரு, வயசு, எந்த நாட்டுக்காரர், எந்த நாடு தேடுதுன்னு போட்டுப் பாக்கலாம். ஒரு நோட்டீஸ தொறந்தா போட்டோ, பொறந்த தேதி, உயரம், கண்ணு கலர் எல்லாம் வரும், கீழ குற்றச்சாட்டுன்னு ஒரு பகுதி இருக்கும். அங்க கொஞ்சம் நிதானமா படிங்க. கேட்ட நாடு கொடுத்தபடியே போட்டிருக்கோம்னு எழுதியிருப்பாங்க. அதாவது அந்த வார்த்தையெல்லாம் இன்டர்போலோட தீர்ப்பு இல்ல, கேட்ட நாட்டோட வாசகம். இத பாக்காமலேயே "இன்டர்போல் குற்றவாளின்னு சொல்லிடுச்சு"ன்னு எழுதுறவங்கள பாத்தா எனக்கு எரிச்சலா வரும்.

தேடி பேர் வரலன்னா நிம்மதியா? அவசரப்படாதீங்க. ரெட் நோட்டீஸ்ல பெரும்பாலானது போலீஸ் கண்ணுக்கு மட்டுந்தான், வெப்சைட்ல வர்றது கொஞ்சம்தான். அது போக டிஃப்யூஷன்னு ஒண்ணு இருக்கு, ஒரு நாடு தான் தேர்ந்தெடுக்கிற நாடுகளுக்கு நேரடியா அனுப்புற அலர்ட், அது வெளிய தெரியவே தெரியாது.

நோட்டீஸுங்க பல கலர்ல இருக்கு, அத சட்டுனு சொல்லிடுறேன். ரெட்னா பிடிச்சு ஒப்படைக்கணும்னு கேக்குறது, ப்ளூ ஒரு ஆளப் பத்தி தகவல் கேக்குறது, யெல்லோ காணாமப் போனவங்க, பிளாக் அடையாளம் தெரியாத உடல். சில்வர்னு புதுசா ஒண்ணு 2025 ஜனவரில சோதனை முயற்சியா வந்துச்சு, குற்றத்துல சம்பாதிச்ச சொத்த தேடுறதுக்கு. ரெட் நோட்டீஸ் வந்தவுடனே எல்லா நாடும் அரெஸ்ட் பண்ணியே ஆகணும்னு இல்ல, அதுக்கு எவ்வளவு மதிப்பு கொடுக்கிறதுன்னு அந்தந்த நாட்டு சட்டம் முடிவு பண்ணும். சில நாட்டுல அத வெச்சே பிடிச்சு உள்ள வெச்சுடுவாங்க, சில நாட்டுல தனியா வாரன்ட் வேணும்பாங்க.

இப்ப முக்கியமான எடம். உங்க பேர்ல ஏதாவது இருக்குன்னு சந்தேகம் வந்தா, இல்ல இருக்கறது தப்புன்னு தெரிஞ்சா, லோக்கல் ஸ்டேஷனுக்கு அலையாதீங்க, எழுத வேண்டியது சிசிஎஃப்னு சொல்ற கமிஷனுக்கு. இன்டர்போல் ஃபைல்கள கண்காணிக்கிற தனி அமைப்பு அது. ஃபீஸ் கெடையாது. கையெழுத்து போட்ட கடிதம், அடையாள அட்டை காப்பி, வக்கீல் மூலமா போனா அவருக்கு நீங்க கொடுத்த அதிகாரப் பத்திரம், இது வேணும். இங்கிலீஷ், பிரெஞ்ச், ஸ்பானிஷ், அரபி நாலுல ஏதோ ஒண்ணுல எழுதணும். விண்ணப்பம் சரின்னு ஏத்துக்கிட்ட நாள்லேருந்து, என்ன தகவல் இருக்குன்னு கேட்டதுக்கு 4 மாசம், அழிக்கணும் திருத்தணும்னு கேட்டதுக்கு 9 மாசம்ங்கிறதுதான் கெடு. தகவல் அனுப்புன நாட்டுக்கே சொந்தம்னு மேல சொன்னேன்ல, அதனால அந்த நாடு மறுத்தா உங்களுக்கு முழு பதில் வராமலும் போகலாம்.

கடிதத்துல அழுது புலம்பி பிரயோஜனம் இல்ல, "நான் நிரபராதி"ங்கிறத முடிவு பண்றது அவங்க வேலையே இல்ல, அது கோர்ட் வேலை. விதி எங்க மீறியிருக்குன்னு காட்டுங்க. அரசியல், ராணுவம், மதம், இனம் சம்பந்தப்பட்ட விஷயத்துல இன்டர்போல் தலையிடக்கூடாதுன்னு அதோட சாசனத்துல 3வது பிரிவு சொல்லுது. விசாரணைக்குத் தேடுற ஆள் மேல ரெட் நோட்டீஸ் போடணும்னா அந்தக் குற்றத்துக்கு அதிகபட்ச தண்டனை 2 வருஷமாவது இருக்கணும். தனிப்பட்ட தகராறுல கெளம்புன கேஸுக்கெல்லாம் பொதுவா ரெட் நோட்டீஸ் கேக்கக்கூடாது. இதுல எது உங்களுக்குப் பொருந்துதோ அதுக்கு கோர்ட் பேப்பர இணைச்சு அனுப்புங்க.

எந்தக் குற்றமும் இல்லாம மாட்டிக்கிற ஒரு வழியும் இருக்கு. தொலைஞ்ச பாஸ்போர்ட்டுக்குன்னே 2002லேருந்து தனி டேட்டாபேஸ் இருக்கு. தொலைஞ்சிடுச்சுன்னு நீங்க புகார் கொடுத்தா பாஸ்போர்ட்ட வழங்குன நாடு அந்த நம்பர அதுல ஏத்தலாம். ரெண்டு வாரம் கழிச்சு பழைய பை அடியில பாஸ்போர்ட் கெடைக்குது, ஆஹா கெடைச்சிடுச்சுன்னு அதையே எடுத்துட்டு ஏர்போர்ட் போறீங்க, கவுன்டர்ல நம்பர தட்டுனதும் தொலைஞ்சதுன்னு காட்டும், அப்புறம் ஃபிளைட் போயிடும் நீங்க அங்கயே நிப்பீங்க. புகார் கொடுத்த பாஸ்போர்ட் கெடைச்சாலும் அது செத்துப்போனதுதான், புதுசு வாங்கிட்டு கெளம்புங்க.

இன்னொண்ணு, இன்டர்போல்னு சொல்லி மெயிலோ போனோ வந்து, உங்க மேல நோட்டீஸ் இருக்கு பணம் கட்டுனா எடுத்துடுறோம்னு சொன்னா அது நூத்துக்கு நூறு ஏமாத்து வேலை. அவங்க தனி ஆள்கிட்ட பணமோ பேங்க் விவரமோ கேக்க மாட்டாங்க. பதில் போடாம ஸ்க்ரீன்ஷாட் எடுத்து உங்க ஊர் சைபர் போலீஸ்ல கொடுத்துடுங்க.