வெள்ளைச் சாக்ஸில் ஏறிய தெள்ளுப்பூச்சிகள்

பத்து நாள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போயிருந்தோம். பூனைகள் இரண்டும் அக்கா வீட்டில். திரும்பி வந்து கதவைத் திறந்து, கூடத்தில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் குனிந்தால், என் வெள்ளைச் சாக்ஸில் எள்ளைத் தூவியது போல் கருப்புக் கருப்பாய் என்னவோ. தட்டிவிடக் கையைக் கொண்டு போனேன். எல்லாம் குதித்தன. வலது காலில் மட்டும் பதினொன்று எண்ணினேன். பூனையே இல்லாத வீட்டில் பூனையின் தெள்ளுப்பூச்சி!

மறுநாள் கால்நடை மருத்துவரிடம் போய்ப் புலம்பினேன். அவர் சிரித்தார். “உங்க பூனையை விடுங்க சார், உங்க சோஃபாவுக்குத்தான் தெள்ளு பிடிச்சிருக்கு” என்றார். அப்புறம் கேட்டார்: “மாசா மாசம் கழுத்துல விடுற மருந்தை எப்ப நிறுத்துனீங்க?” இரண்டு மாதமாக விடவில்லை. ஒரு பூச்சிகூடக் கண்ணில் படவில்லையே, எதற்கு வீணாக என்று நிறுத்தியிருந்தேன். அந்த இரண்டு மாதத்துக்குத் தண்டமாக அடுத்த நான்கு மாதம் வீட்டைப் பெருக்கித் துவைத்தேன். இப்போது எப்படிச் சமாளிக்கிறேன் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பலரும் “பூனைக்குப் பேன்” என்கிறார்கள். பேன் வேறு, மெதுவாக ஊர்ந்து முடியிலேயே ஒட்டிக்கிடக்கும். உண்ணி வேறு, தோலில் வாயைப் புதைத்துக்கொண்டு உப்பிப்போய் இருக்கும். தெள்ளு இரண்டு மில்லிமீட்டர் நீளம்தான், பக்கவாட்டில் நசுக்கிய மாதிரித் தட்டையான உடம்பு, பழுப்பு நிறம், இறக்கை கிடையாது. முடியைப் பிரித்துப் பார்த்தால் இடுக்கில் சரசரவென ஓடி மறையும். மருந்துக் கடையில் எதற்கு என்று சரியாகச் சொல்லி வாங்கவேண்டும். ஒன்றுக்கு உள்ளது இன்னொன்றுக்கு வேலை செய்யாமல் போகலாம்.

அது வளரும் கணக்கைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பூனை மேல் ஏறிய பெண் தெள்ளு இரத்தம் குடித்து ஓரிரு நாளில் முட்டையிட ஆரம்பிக்கும். நாளொன்றுக்கு 40, 50 முட்டை வரை போகும். முட்டை பேனின் ஈர் போல ஒட்டிக்கொள்வதில்லை, வழுக்கி உதிர்ந்துவிடும். பூனை எங்கே படுக்கிறதோ, எங்கிருந்து குதிக்கிறதோ அங்கெல்லாம் விதைத்தது மாதிரி. முட்டையிலிருந்து வரும் புழுவுக்கு வெளிச்சம் ஆகாது. கம்பள இழைக்கு அடியிலும், சோஃபா மெத்தை இடுக்கிலும், தரை வெடிப்பிலும் போய் ஒளியும். அங்கே அதற்குச் சாப்பாடு, பெரிய தெள்ளு கழித்த காய்ந்த இரத்தம். பிறகு பட்டு நூலில் கூடு கட்டிக்கொள்ளும். கூட்டின் வெளிப்புறம் பிசுபிசுப்பு. தூசி ஒட்டி, பார்த்தால் வெறும் தூசு உருண்டைதான்.

வில்லன் இந்தக் கூடு. எந்த ஸ்பிரேயும் உள்ளே சரியாகப் போய்ச் சேராது. வெதுவெதுப்பும் ஈரப்பதமும் இருந்தால் முட்டையிலிருந்து பூச்சி வரை மூன்று வாரத்தில் முடிந்துவிடும். சூழ்நிலை சரியில்லை என்றால் உள்ளே இருப்பது மாதக்கணக்கில் காத்திருக்கும். தரை அதிர்வு, உடல் சூடு, மூச்சுக் காற்று இதில் ஏதாவது பட்டால் விருந்து வந்துவிட்டது என்று தெரிந்து வெளியே வரும். பத்து நாள் ஆளில்லாத வீட்டில் என் காலடிச் சத்தத்துக்குத்தான் அவ்வளவும் எழுந்து வந்தன.

பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு: வீட்டில் 100 இருந்தால் பூனை மேல் இருப்பது 5தான், மீதி முட்டையாகவும் புழுவாகவும் கூடாகவும் வீட்டுக்குள் கிடக்கிறது. குளிர்காலத்தில் மருந்து வேண்டாம் என்று நினைப்பதும் இதனால்தான் தப்பு. வெளியே எவ்வளவு குளிரட்டும், நாம் வசிக்கும் அறை கதகதப்பாகத்தானே இருக்கிறது?

“என் பூனை வெளியே போகாது” என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. என் கருப்பி தானாக வாசலைத் தாண்டியதே இல்லை. பூச்சி நம் செருப்பிலும் கால்சட்டையிலும் ஏறி வரும், எலியோடு வரும், விருந்தாளியின் நாயோடு வரும்.

சரி, இருக்கிறதா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது? கண்ணால் தேடுவதில் பயனில்லை. பூனை நக்கி நக்கியே பாதியை விழுங்கிவிடும். எனக்குத் தெரிந்த நம்பகமான வழி, பற்கள் நெருக்கமாக உள்ள தெள்ளுச் சீப்பும் ஒரு வெள்ளை டிஷ்யூவும். பூனை தூங்கி எழுந்து சோம்பல் முறிக்கும் நேரமாகப் பார்த்து மடியில் போட்டுக்கொள்வேன். வால் தொடங்கும் இடத்தில் ஆரம்பித்து முதுகு, கழுத்து, தாடைக்கு அடியில் என்று தோலைத் தொட்டபடி வார வேண்டும், மேலோட்டமாக அல்ல. பக்கத்தில் கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர். பூச்சி சிக்கினால் சீப்போடு அதில் முக்கிவிடுவேன். வெறும் தண்ணீரில் மிதந்து தப்பிவிடும். சோப்பு கலந்தால் மூழ்கும். நகத்தால் நசுக்குவதெல்லாம் வேண்டாம்.

பூச்சி சிக்காமல் கரும்பொடி மட்டும் வந்தால் அதை ஈர டிஷ்யூவில் கொட்டி ஒரு நிமிடம் பாருங்கள். சும்மா மண் என்றால் அப்படியே கிடக்கும். தெள்ளின் கழிவு என்றால் ஒவ்வொரு பொடியைச் சுற்றியும் செம்பழுப்பாக ஒரு வளையம் ஊறிப் பரவும். அது உங்கள் பூனையின் இரத்தம். முதன்முதலில் அதைப் பார்த்தபோது என் மகள் அழுதுவிட்டாள்.

வேறு சில அறிகுறிகளும் உண்டு. முதுகின் பின்பாதியிலோ கழுத்திலோ தடவும்போது சின்னச் சின்னப் பொருக்குகள் கையில் நெருடுவது, வயிற்றில் முடி கொட்டும் அளவுக்கு நக்குவது. சில பூனைகளுக்குத் தெள்ளின் எச்சிலே ஒவ்வாமை. ஒன்றிரண்டு கடிக்கே உடம்பெல்லாம் புண்ணாகும். என் சிட்டு அந்த ரகம். வாலுக்கு அடியில் அரிசி போல எதாவது நெளிந்தால் அது நாடாப்புழுத் துண்டு. தெள்ளை விழுங்குவதால் வருவது. அதற்குத் தனியாகப் புழு மருந்து வேண்டும், தெள்ளு மருந்து போதாது.

இனி மருந்து. ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: நாய்க்கான மருந்தைப் பூனைக்குத் தொடக்கூடாது. நாய்க்குக் கழுத்தில் விடும் பல மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது. அதை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்குப் போதாது. உடம்பு நடுங்கும், எச்சில் ஒழுகும், வலிப்பு வரும், உயிரே போகும். சின்ன நாய்க்கான அளவுதானே, பாதி விட்டால் சரியாகிவிடும் என்று கடையில் ஒருவர் எனக்கே சொன்னார். நல்லவேளை, வீட்டுக்கு வந்து அட்டையைப் படித்தேன். தவறிப்போய் விட்டுவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரிலும் பாத்திரம் கழுவும் திரவத்திலும் கழுவிவிட்டு அந்த நிமிடமே மருத்துவரிடம் ஓடவேண்டும். நடுக்கம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வீட்டில் நாயும் இருந்து அதற்கு இந்த மருந்து விட்டிருந்தால், காயும் வரை பூனையை அதனோடு உரசிப் படுக்க விடாதீர்கள்.

பூனைக்கென்றே உள்ளவற்றில் செலமெக்டின், ஃபிப்ரோனில், இமிடாக்ளோபிரிட் போன்றவை மாதம் ஒருமுறை விடுவது. ஃப்ளூராலனர் ஒருமுறை விட்டால் சுமார் 12 வாரம் நிற்கும். மறதிக்காரர்களுக்கு அது வசதி. ஆனால் ஃப்ளூராலனர் சேர்ந்த ஐசாக்ஸசோலின் குடும்ப மருந்துகளால் சில விலங்குகளுக்கு நடுக்கமும் வலிப்பும் வரலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018-இல் எச்சரித்தது. ஆகவே உங்கள் பூனைக்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நைட்டென்பிரம் மாத்திரை அரை மணியில் வேலையைத் தொடங்கி மேலிருப்பதைக் கொன்றுவிடும், ஆனால் ஒரு நாளுக்கு மேல் தாங்காது. தீயணைப்பு வண்டி மாதிரி; காவலுக்கு ஆகாது. எதை வாங்கினாலும் வயதும் எடையும் பார்த்து வாங்குங்கள். எடைக்கு நான் பூனையைத் தூக்கிக்கொண்டு ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்துப் பார்க்கிறேன்.

விடும் விதத்தில்தான் பாதிப்பேர் கோட்டை விடுகிறார்கள். சொட்டு மருந்து முடிக்கு அல்ல, தோலுக்கு. மண்டை ஓடு முடிந்து கழுத்து தொடங்கும் குழியில், பூனையால் நக்க எட்டாத இடத்தில், இரண்டு விரலால் முடியை வகிடு எடுப்பது போல் பிரிக்க வேண்டும். வெளிறிய தோல் ஒரு கோடாகத் தெரியும். மருந்துக் குழாயின் நுனியை அங்கே வைத்து முழுதும் பிழிந்துவிட்டு, பிழிந்த பிடியைத் தளர்த்தாமலே எடுக்க வேண்டும். தளர்த்தினால் மருந்து திரும்ப உள்ளே போய்விடும். முன்னும் பின்னும் இரண்டு நாள் குளியல் வேண்டாம். இரண்டு பூனை என்றால் ஒரே நாளில் இரண்டுக்கும் விட்டு, காயும் வரை தனித்தனி அறையில் வையுங்கள், இல்லாவிட்டால் ஒன்றையொன்று நக்கிவிட்டு வாயில் நுரை தள்ளும். கசப்பினால்தான் பெரும்பாலும் அந்த நுரை, ஆனால் பார்க்கிற நமக்கு உயிர் போய்விடும். சிட்டுவுக்கு அந்த அட்டை கிழியும் சத்தம் தெரியும். அதனால் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுத்தான் கிழிக்கிறேன்.

எட்டு வாரம் ஆகாத குட்டிகளுக்குப் பெரும்பாலான மருந்துகள் ஆகாது. அவற்றுக்குச் சீப்புதான், தினமும். தாயின் படுக்கையையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குட்டியின் ஈறு வெளுத்து, துவண்டு கிடந்தால் தெள்ளு இரத்தத்தை உறிஞ்சிச் சோகை வந்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள், நாளைக்குத் தள்ளவேண்டாம்.

வீட்டைப் பொறுத்தவரை வாக்குவம் கிளீனர்தான் பெரிய ஆயுதம். பூனை படுக்கும் இடம், சோஃபா மெத்தையைத் தூக்கி அடியில், கட்டிலுக்குக் கீழே, சுவரோரம். முட்டையையும் புழுவின் தீனியையும் அது அள்ளிவிடும். அதிர்வில் கூட்டிலிருந்து பூச்சி வெளியே வருவதும் நல்லதுதான், வெளியே வந்தால்தான் சாகும். முடிந்ததும் பையை உடனே கட்டி வெளிக் குப்பையில் போடுங்கள். மூலையில் நிறுத்தி வைத்தால் அதற்குள்ளேயே குடும்பம் நடத்தும். படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை 60 டிகிரி சூட்டில் துவைக்கிறேன். அதை இழுத்துக்கொண்டு போகாமல், நான்கு மூலையையும் உள்பக்கம் மடித்துச் சுருட்டித்தான் தூக்குவேன். இல்லையென்றால் வழியெல்லாம் முட்டை சிந்தும்.

ஸ்பிரே அடிப்பதானால் மெத்தோபிரீன் அல்லது பைரிப்ராக்ஸிஃபென் கலந்ததாகப் பாருங்கள். புழு பூச்சியாக வளர்வதை அவை தடுக்கும். அதே டப்பாவில் பெர்மெத்ரினும் இருக்கலாம் என்பதால், காய்ந்து காற்றாடும் வரை பூனையை உள்ளே விடக்கூடாது. மீன் தொட்டி இருந்தால் வெளியே கொண்டுபோவது நல்லது. முடியாவிட்டால் காற்று பம்பை நிறுத்தி நன்றாக மூடிவையுங்கள்.

பூண்டு, தேயிலை மர எண்ணெய், வாசனை எண்ணெய் எதுவும் வேண்டாம். பூண்டு பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், அந்த எண்ணெய்கள் விஷம். இயற்கை என்று எழுதியிருப்பதெல்லாம் பூனைக்கு இயற்கை இல்லை.

மருந்து விட்டு இரண்டு வாரம் கழித்துப் பூச்சி முன்பைவிட அதிகமாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள். கூட்டில் இருந்தவை வெளியே வருகின்றன. பூனை மேல் ஏறிச் சாகும். “வேலை செய்யவில்லை” என்று தேதிக்கு முன் இன்னொரு சொட்டு விடுவது ஆபத்து. குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் பழைய கூடுகள் தீரும். அதன் பிறகும் நிறுத்துவதில்லை. எங்கள் வீட்டில் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி சொட்டு, பதினைந்தாம் தேதி சீப்பு. நாட்காட்டியில் அந்த இரண்டு கட்டத்திலும் பூனைக் காது வரைந்திருக்கும், மகளின் வேலை.

இப்படியெல்லாம் செய்தும் ஐந்தாம் மாதம் ஒருநாள் கருப்பியின் கழுத்தில் இரண்டு பூச்சி. எங்கிருந்து வந்தது என்று மூன்று நாள் தேடினேன். பரணில் இருந்த பூனைக் கூடை! அக்கா வீட்டுக்குப் போய்வந்தபோது விரித்த துண்டு அதற்குள்ளேயே கிடந்தது. முந்தின வாரம் தடுப்பூசிக்காகக் கருப்பியை அதில்தான் உட்கார்த்திக் கொண்டுபோயிருந்தேன். இப்போது கூடையைத் துண்டில்லாமல், கழுவி, வெயிலில் காயவைத்துத்தான் பரணில் ஏற்றுகிறேன்.