உவர் சதுப்பில் வண்டல் அளக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

சதுப்பின் மேல் எவ்வளவு வண்டல் படிந்தது என்பது ஒரு கணக்கு; தரை எவ்வளவு உயர்ந்தது என்பது வேறு கணக்கு. இரண்டையும் ஒன்றாக்கிவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு.

ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தின் வெள்ளை மாவைத் தரையில் பரப்பி, பிறகு அதன்மேல் ஏறிய சேற்றின் கனத்தை அளப்பது வழக்கமான முறை. அடியில் வேர் மக்குவதும் சேறு அமுங்குவதும் இதில் தெரியாது. உதாரணத்துக்கு, ஆண்டுக்கு 5 மி.மீ. படிந்திருக்கிறது, தரை 2 மி.மீ.தான் உயர்ந்திருக்கிறது என்று வையுங்கள். மீதி 3 மி.மீ. அமுக்கத்தில் போயிற்று. அங்கே கடல்மட்டம் 4 மி.மீ. ஏறினால் அந்தச் சதுப்பு மூழ்கிக்கொண்டிருக்கிறது. மாவை மட்டும் நம்பினால் வளர்கிறது என்று எழுதிவிடுவோம்.

அதனால்தான் பக்கத்திலேயே, ஆழமாக அடித்த கம்பியை ஆதாரமாக வைத்துத் தரையின் உயரத்தை அளக்கும் ஆர்-செட் (RSET) கருவியும் வேண்டும். சுமார் 1.2 மீட்டர் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளை ஒன்றோடொன்று முடுக்கி, இனி இறங்காது என்னும்வரை அடித்து இறக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் கம்பியும் சேற்றோடு சேர்ந்து இறங்கும், அளவு பொய்யாகும். கம்பியின் அடிநுனிக்கும் கீழே நிலம் தாழ்ந்தால் இந்தக் கருவி காட்டாது. அதற்குத் துல்லிய ஜி.பி.எஸ். தனியாக வேண்டும். நட்டவுடன் முதல் அளவு எடுக்காதீர்கள். கலங்கிய சேறு அடங்கச் சில வாரமாவது ஆகும்.

கம்பியின் தலையில் மாட்டும் கருவியின் கிடைமட்டக் கையில் ஒன்பது ஊசிகள், அதைத் திருப்பும் திசைகள் நான்கு, ஆக 36 அளவுகள். ஒவ்வொரு முறையும் அதே திசை, மட்டம் காட்டும் குமிழி நடுவில், முடிந்தால் அதே ஆள். ஊசி சேற்றைத் தொட்டதும் நிற்க வேண்டும். குழம்பு மாதிரியான சேற்றில் விட்டுவிட்டால் அதன் எடையிலேயே உள்ளே போகும். நண்டு வளையிலோ வேரிலோ உட்கார்ந்தால் ஊசியை நகர்த்த வேண்டாம், அளவுக்குப் பக்கத்தில் ‘வளை’, ‘வேர்’ என்று குறித்துவையுங்கள். மிதித்த இடத்தை அளந்து பயனில்லை. பலகை மேடை இல்லாமல் வேலையைத் தொடங்கவே கூடாது. இன்னொன்று, 36 ஊசி என்பது 36 மாதிரி அல்ல. ஒரு கருவி நட்ட இடம் ஒரே ஒரு மாதிரிதான். மூன்று இடமாவது இல்லாமல் புள்ளியியல் பேசுவது வீண்.

ஃபெல்ட்ஸ்பாரை 50 x 50 செ.மீ. கட்டத்தில், தண்ணீர் வடிந்த நேரத்தில், கிட்டத்தட்ட 1 செ.மீ. கனத்துக்குப் போடுங்கள். மெல்லிசாகத் தூவினால் நண்டு கிளறியே கலைத்துவிடும். இளகிய சேற்றில் கத்தியால் வெட்டினால் சேறு நசுங்கும். உலோகக் குழாயைச் செருகி திரவ நைட்ரஜன் ஊற்றி உறையவைத்து எடுப்பதே சரி. வெட்டிய இடத்தை வரைபடத்தில் குறிக்காவிட்டால் அடுத்த முறை அதே குழியில் கை வைப்பீர்கள். வெள்ளைப் படலமே கிடைக்காவிட்டால்? பூஜ்யம் என்று எழுதுவதும் தப்பு, அந்தக் கட்டத்தைச் சத்தமில்லாமல் விட்டுவிடுவதும் தப்பு. அரிப்பில் போனதா, கலந்துபோனதா என்று ஆர்-செட்டோடு ஒப்பிட வேண்டும். அரித்த கட்டங்களை விட்டுவிட்டுச் சராசரி போட்டால் படிவு கூடுதலாகத்தான் தெரியும்.

நேரமும் முக்கியம். பிச்சாவரம், முத்துப்பேட்டை போன்ற இடங்களில் வடகிழக்குப் பருவமழையின்போது ஆற்று வெள்ளம் வண்டலைக் கொண்டுவரும். கோடையில் உமரிச் செடி நிற்கும் தரை காய்ந்து சுருங்கும். ஏப்ரல் அளவையும் டிசம்பர் அளவையும் நேராக ஒப்பிட்டால் தெரிவது பருவம்தான், போக்கு அல்ல.

கரையோர அரிப்பு இன்னொரு கதை. நடுச்சதுப்பில் நட்ட கருவிக்கு ஓரம் இடிவது தெரியாது. சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர். ஆண்டுக்கு அரை மீட்டர் பின்வாங்கும் கரையை இரண்டு ஆண்டுப் படங்களில் தேடுவது வெட்டி வேலை. ஓரத்திலிருந்து உள்ளே நிலையான கட்டைகள் நட்டு, அங்கிருந்து ஓரம் வரை அளவு நாடா பிடியுங்கள். எது ‘ஓரம்’ என்பதையும், செடி முடியும் கோடா, மண் செங்குத்தாக இறங்கும் விளிம்பா என, முதல் நாளே எழுதிவையுங்கள்.