வேலையில் கை அடிபட்டால் ரிடோரில் பதிய வேண்டுமா?

பிரிட்டனில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கையில் அடிபட்டால் சூப்பர்வைசர் ஒரு பிளாஸ்டரை ஒட்டி ‘சின்னக் காயம்தானே’ என்று அனுப்பிவிடுவார், நம்மவர்களும் வேலை போய்விடுமோ, விசாவுக்குச் சிக்கல் வருமோ என்று பயந்து வாயைத் திறக்க மாட்டார்கள். தயவுசெய்து அப்படி இருக்காதீர்கள். எந்தக் காயத்தை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதை 2013ஆம் ஆண்டின் ரிடோர் (RIDDOR) விதிகள், அதாவது வேலையிட விபத்து, காயங்களை அரசுக்குத் தெரிவிப்பதற்கான விதிகள், எழுதியே வைத்திருக்கின்றன, சூப்பர்வைசர் நினைப்பதை வைத்து அது மாறாது. (வட அயர்லாந்துக்கு விதி தனி. நான் சொல்வது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸுக்கு.)

தெரிவிக்க வேண்டியது முதலாளியின் கடமை, அடிபட்டவர் ஃபார்ம் நிரப்பத் தேவையில்லை. ஆனால் ஏஜென்சி மூலம் போனவர்கள் அது ஏஜென்சியின் பொறுப்பா, வேலை நடக்கும் இடத்தின் பொறுப்பா என்று இரண்டு பக்கமும் கேட்டு வையுங்கள், இல்லையென்றால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டிக்கொண்டே இருப்பார்கள்.

சரி, கைக்கு வருவோம். விரலோ கட்டைவிரலோ துண்டாகிப் போனால் கட்டாயம் தெரிவிக்க வேண்டும், அன்று தப்பிய விரலை அந்தக் காயத்தால் பிறகு ஆபரேஷனில் எடுக்க நேர்ந்தாலும் அப்படித்தான். எலும்பு முறிவில்தான் பலரும் குழம்புகிறார்கள். மணிக்கட்டு முறிந்தது என்று டாக்டர் உறுதி செய்தால் உடனே தெரிவிக்க வேண்டிய காயம், எலும்பில் கீறல் விட்டிருந்தாலும் முறிவுதான். ஆனால் விரல், கட்டைவிரல் முறிவை அந்தப் பட்டியலிலிருந்து விலக்கி வைத்திருக்கிறார்கள். எக்ஸ்ரேயில் விரல் எலும்பு உடைந்தது தெளிவாகத் தெரிந்தாலும் அதற்காக மட்டும் ரிடோர் வராது.

அப்புறம் எப்போது வரும் என்றால், நாள் கணக்கில் வரும். 7 நாளுக்கு மேல் தொடர்ந்து உங்கள் வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் போனால் வெட்டுக்காயம், நசுங்கல், விரல் முறிவு எதுவானாலும் தெரிவித்தாக வேண்டும். அடிபட்ட நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, ஆனால் சனி, ஞாயிறு, உங்களுக்கு ஷிப்ட் இல்லாத நாள் எல்லாம் சேரும். திங்கட்கிழமை பெட்டி விழுந்து விரல் நசுங்கியது என்றால் செவ்வாய் முதல் நாள், அடுத்த திங்கள் ஏழாவது நாள், அதற்கு மறுநாள் செவ்வாயும் பெட்டி தூக்க முடியவில்லை என்றால் வரம்பைத் தாண்டிவிட்டது. இங்கே கவனியுங்கள், ‘வழக்கமான வேலை’ என்பதுதான் முக்கியம். வீட்டில் உட்கார வேண்டாம், வந்து ஒரு கையால் லேபிள் ஒட்டு என்று மேனேஜர் கூப்பிட்டு நீங்கள் போனாலும், பெட்டி தூக்குவது உங்கள் வேலையாக இருந்தால் அந்த நாட்களும் கணக்கில் வரும். ‘லீவே போடவில்லையே, எதற்கு ரிப்போர்ட்’ என்று சொன்னால் நம்பாதீர்கள்.

7 நாள் தாண்டிய காயத்துக்கு விபத்து நடந்த நாளிலிருந்து 15 நாள் அவகாசம். விரல் துண்டாவது போன்றவற்றுக்குத் தாமதமில்லாமல் தகவல் சொல்லி, 10 நாளுக்குள் அறிக்கை போக வேண்டும். 3 நாளுக்கு மேல், ஆனால் 7 நாளைத் தாண்டாமல் வழக்கமான வேலை முடியாமல் போனால் அரசுக்கு அனுப்ப வேண்டாம், ஆனால் முதலாளி பதிந்து வைக்க வேண்டும்.

நாள் எத்தனை ஆகும் என்பது அடிபட்ட அன்றே தெரியாது, அதனால் காயம் எவ்வளவு சின்னதானாலும் அன்றே ஆக்சிடென்ட் புக்கில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பக்கத்தை போனில் படம் எடுங்கள், கையையும் மெஷினையும் கூட. நேரம், பக்கத்தில் நின்றவர் பெயர் எல்லாவற்றையும் மேனேஜருக்கே ஒரு மெசேஜாகப் போட்டுவிடுங்கள், தேதியோடு நிற்கும். ஏ அண்ட் ஈ-யில் (ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில்) ‘வேலை செய்யும்போது நடந்தது’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சமையலறையில் வெட்டிக்கொண்டேன் என்று மட்டும் சொன்னால் வீட்டுச் சமையலறை என்று எழுதிவிடக்கூடும். முதல் 7 நாளுக்கு நீங்களே உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்தால் போதும், அதற்கு மேல் போனால் ஃபிட் நோட் என்னும் மருத்துவச் சான்று வாங்குங்கள், நாள் கணக்குக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

ரிடோர் அறிக்கை எச்.எஸ்.இ-க்கோ (வேலையிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பு) உள்ளூர் கவுன்சிலுக்கோ போகிறது, விசாவுக்கு விண்ணப்பிக்கும் இடத்துக்கு அல்ல. முதலாளி அனுப்பாமல் இழுத்தடித்தால் நீங்களே எச்.எஸ்.இ-யிடம் புகார் சொல்லலாம். நஷ்ட ஈடு இதிலிருந்து தனி விஷயம், ரிடோரில் பதிந்தாலும் பதியாவிட்டாலும் கேட்கலாம், பொதுவாக 3 வருடத்துக்குள் வழக்கைத் தொடங்கிவிட வேண்டும்.