ஊரின் ஒளியறிந்து படமெடுத்தல்: திருகோணமலையிலிருந்து சில வழிமுறைகள்

எங்கள் ஊருக்கு வரும் உறவினர்களும் நண்பர்களும் கோணேசர் கோயிலடியில் எடுத்துச் செல்லும் படங்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அவற்றுள் பெரும்பாலானவை மதிய வேளையில் எடுக்கப்பட்டவை. வானம் வெளிறி, பாறை கறுத்து, நிற்பவர்களின் கண்கள் வெயிலில் கூசிச் சுருங்கியிருக்கும். கமெராவிலும் குறையில்லை, எடுத்தவரின் ஆர்வத்திலும் குறையில்லை. எந்த நேரத்தில் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதை ஒருவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. ஆகவே இங்கே கருவிகளைப் பற்றிக் குறைவாகவும் ஒளியைப் பற்றிக் கூடுதலாகவும் எழுதுகிறேன்.

திருகோணமலை நகரம் கிழக்கே வங்காள விரிகுடாவும் மேற்கே உட்துறைமுகமும் நெருக்கும் குறுகிய நிலத்தில் அமைந்திருக்கிறது. அதனால் காலையில் கடல் பக்கமிருந்து எழும் சூரியனை டச்பே கரையிலும், மாலையில் துறைமுகத்துக்கு அப்பால் இறங்கும் அதே சூரியனை உட்துறைமுக வீதியிலும், நடந்தே போய்ப் பார்த்துவிடலாம். சூரிய உதயம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 5.50க்கும் 6.25க்கும் இடைப்பட்டது, நாம் நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் இருப்பதால் சூரியன் விறுவிறுவென்று மேலேறிவிடும், பொன்னிற வெளிச்சம் அரைமணி நேரத்துக்குச் சற்று மேலேதான் நிலைக்கும். சித்திரை வருடப் பிறப்பை ஒட்டிய நாட்களில் நண்பகலில் சூரியன் ஏறத்தாழ நேர் உச்சியில் நிற்கும், நம் நிழலே காலடியில் ஒடுங்கிவிடும். அந்த வேளையில் முகங்களைப் படமெடுத்தால் கண்குழிகள் கறுப்பாகத்தான் விழும். ஆனியில் சூரியன் வடகிழக்கிலும் மார்கழியில் தென்கிழக்கிலும் உதிப்பதால், ஒரே இடத்தில் நின்றாலும் மாதத்துக்கு மாதம் அது கோணேசர் கோயில் நிற்கும் கோணமலையை நெருங்கியும் விலகியும் தோன்றும். இதற்காகவே ஓர் இடத்துக்கு ஒரு தடவையோடு நிறுத்தாமல் மறுபடியும் மறுபடியும் போகச் சொல்கிறேன்.

காலையில் கரையில் நின்று மலையைப் பார்த்தால் அது நிழலுருவாகவே தெரியும், அதுவும் அழகுதான். கைப்பேசித் திரையில் பிரகாசமான வானத்தைத் தொட்டு அழுத்தி, வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்துப் பிடித்தால், பாறை கறுத்து வானத்தின் நிறங்கள் தெளியும். பாறையின் முகமே வேண்டுமென்றால் மாலை நாலு மணிக்குப் பிறகு, மலைக்கு வடமேற்கே வளைந்து கிடக்கும் கரைக்குப் போக வேண்டும். மேற்கு வெயில் அப்போது பாறையின் பிளவுகளையும் மடிப்புகளையும் ஒவ்வொன்றாகக் காட்டும். எங்கே நின்றாலும் திரையில் கட்டக் கோடுகளைப் போட்டுக்கொள்ளுங்கள். கடற்கோடு சாய்ந்த படத்தை நான் மன்னிப்பதில்லை. கடலைத் தினமும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சாய்வு உடனே உறுத்தும்.

கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியிலுள்ள பிரெட்ரிக் கோட்டையின் வாயிலில் ஒரு கல் இருக்கிறது. இரட்டை மீன் சின்னத்தோடு, கோயிலைக் கட்டியதாகச் சொல்லப்படும் குளக்கோட்டன் என்ற மன்னன் செய்த திருப்பணியைப் பறங்கி பிரிப்பான் என்று கூறும் பழைய தமிழ் எழுத்துகள் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. போர்த்துக்கேயர் 1622இல் கோயிலை இடித்து, 1624 அளவில் அதன் கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டினார்கள் என்பதை நினைத்துக்கொண்டு அந்தக் கல்லின் முன் நின்றால், எழுத்துகள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்பதுதான் முதலில் கண்ணில் படும். நேரெதிரே நின்று பிளாஷ் அடித்துவிட்டால் கல்லின் மேற்பரப்பு தட்டையாகி எழுத்துகள் முற்றாக மறைந்துவிடும். துணைக்கு வந்தவரிடம் இன்னொரு கைப்பேசியின் டோர்ச்சைக் கொடுத்து, கல்லின் ஓரத்தோடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடிக்கச் செய்யுங்கள். ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் நிழல் இறங்கி, வெறுங்கண்ணுக்குத் தெரியாத கோடுகள்கூட எழுந்து வரும். பழைய கல்வெட்டு, நாணயம், மரச்செதுக்கல் எதற்கும் இதே முறைதான். ஆனால் அது படையினர் இருக்கும் கோட்டை. காவலில் நிற்பவரிடம் கேட்டு, அவர் வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். படையினரையும் காவலரண்களையும் கடற்படைப் பகுதிகளையும் எடுக்கவே கூடாது, ட்ரோன் பறக்கவிடச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி தேவை.

கோட்டைக்குள் நடக்கும்போது மான்கள் எதிரே வரும். நின்றபடி மேலிருந்து எடுக்காமல் குந்தியிருந்து அவற்றின் கண்மட்டத்துக்குக் கமெராவைக் கொண்டுவாருங்கள். தின்னக் கொடுத்துக் கூப்பிட வேண்டாம். மேலே கோயிலடியில், பாறை விளிம்பில் நிற்கும் மரத்தில் பிள்ளைவரம் வேண்டுவோர் கட்டிய சிறு மரத்தொட்டில்கள் தொங்குகின்றன. எல்லோரும் கடலையும் கோபுரத்தையும் சேர்த்து எடுக்கிறார்கள். நான் ஒரே ஒரு தொட்டிலுக்கு அருகே போய், வெயிலில் வெளிறிய அதன் துணி முடிச்சை மட்டும் கூர்மையாக வைத்து, பின்னால் கடலை நீலமாக மங்கவிட்டு எடுத்தேன். இந்த இடத்தில் நான் எடுத்த படங்களுள் எனக்கு மனநிறைவு தந்தது அதுதான். கட்டியவரின் வேண்டுதல் அது என்பதால் தொட்டு நகர்த்தி அழகுபடுத்த நினைக்கவே கூடாது. மூலஸ்தானத்தையும் பூசையையும் எடுப்பது முறையல்ல.

கரைவலை இழுக்கும் காலைகளில் உப்புவெளிப் பக்கம் போவது என் வழக்கம். முதற் பத்து நிமிடம் கமெராவைப் பையிலேயே வைத்துவிட்டு, "அண்ணா, ஒரு படம் எடுக்கட்டா?" என்று கேட்டுக்கொண்டால் பிறகு எவரும் முறைத்துப் பார்க்க மாட்டார்கள், நம்மைக் கண்டு விறைத்துப்போய் நிற்கவும் மாட்டார்கள். இழுப்பவர்களின் அசைவை உறையவைக்கக் கமெராவில் ஷட்டர் வேகத்தை ஐந்நூறில் ஒரு செக்கனாக வைக்கலாம். கைப்பேசியில் தொடர்ச்சியாகப் பல படங்கள் எடுத்து ஒன்றைத் தெரிவு செய்யலாம். முகங்களைவிடக் கைகளைப் பாருங்கள்: நனைந்த கயிற்றை உள்ளங்கையில் ஒருமுறை சுற்றிக் குதிக்கால்களை மணலில் ஊன்றிப் பின்னோக்கிச் சாயும் அந்தப் பிடியில் முழு வேலையும் அடங்கியிருக்கிறது.

இதே கரையில் ஒரு முறை காலை முழுவதும் எடுத்த படங்களை வீட்டில் பார்த்தபோது எல்லாமே புகைமூட்டமாக இருந்தன. கடற்காற்றில் வந்த உப்புப் படலம் லென்ஸில் படிந்ததை நான் கவனிக்கவில்லை. அன்றிலிருந்து நன்னீரில் இலேசாக நனைத்த மெல்லிய துணியொன்றும் உலர்ந்த துணியொன்றும் பையில் இருக்கும். மணல் ஒட்டியிருந்தால் முதலில் ஊதி அகற்றிவிட்டே துடைப்பேன், இல்லாவிட்டால் கண்ணாடியில் கீறல் விழும். ஏசி அறையிலிருந்து நேரே கடற்கரைக்குப் போனாலும் லென்ஸில் நீராவி படியும், பத்துப் பதினைந்து நிமிடம் பைக்குள்ளேயே பொறுக்கவிடுங்கள்.

கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளுக்குக் கூட்டம் சேருமுன்பே போய்விட வேண்டும். புறாமலைத் தீவுக்கு நண்பகலில் போகிறவர்கள் கமெராவில் போலரைசர் வடிகட்டியைப் பூட்டித் திருப்பிப் பார்த்தால், நீரின் மேலுள்ள பளபளப்பு குறைந்து அடியிலுள்ள பாறைகள் தெரியும். வடகீழ்ப் பருவ மழைக்காலத்தில் ஊரே அழகற்றது என்று எண்ணி வீட்டிலிருந்துவிடாதீர்கள். மழை விட்ட மறுகணத்தில் கழுவப்பட்ட வானமும் கருமேகமும் சேர்ந்து தரும் ஒளி வேறெந்த மாதத்திலும் கிடைக்காது.

அன்றன்றே படங்களைக் கணினிக்கோ வேறொரு வன்தட்டுக்கோ பிரதி செய்து, நல்லவற்றின் கீழ் இடம், நாள், நேரம், நின்ற திசை ஆகியவற்றை எழுதி வையுங்கள். என் கொப்பியில் அந்தத் தொட்டில் படத்தின் கீழ் இப்படி இருக்கிறது: "கோணேசர் கோயிலடி மரம், மாலை 4.40, கிழக்கு நோக்கி. காற்று பலம், துணி நிற்கவில்லை, எட்டாவது முயற்சி."