மெய்நிகர் கணினியில் தரவுத்தளம் நிறுவுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெய்நிகர் கணினியில், அதாவது ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினியில், தரவுத்தள நிறுவல் பாதியில் நின்றுவிட்டால், பெரும்பாலோர் உடனே அதை நீக்கிவிட்டு மறுபடியும் நிறுவுகிறார்கள். என்னைக் கேட்டால் இதுதான் தலையாய தவறு. முதல் கோளாறு தீராமலே இருக்க, அதன் மேல் இரண்டாவது ஒன்று ஏறிக்கொள்ளும்.

மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் இதற்கு நல்ல உதாரணம். ரெட் ஹாட் வகை லினக்ஸில் அதன் அதிகாரபூர்வத் தொகுப்பு முதன்முறை தொடங்கும்போது தரவுக் கோப்புறை காலியாக இருந்தால்தான், ரூட் என்னும் தலைமைப் பயனருக்குத் தற்காலிகக் கடவுச்சொல் ஒன்றை உருவாக்கி லாக் என்னும் பதிவுக் கோப்பில் எழுதும். மென்பொருளை நீக்கினாலும் அந்தக் கோப்புறை நீங்குவதில்லை. எனவே இரண்டாவது நிறுவலில் புதிய கடவுச்சொல் பிறக்காது, பழையதே செல்லும். அது தெரியாமல் லாக் கோப்பைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பவர்கள் ஏராளம். மறுபடி நிறுவித்தான் ஆக வேண்டும் என்றால், உள்ளே தேவையான தரவு எதுவும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, பழைய தரவுக் கோப்புறையைப் பெயர் மாற்றி ஒதுக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

நிறுவல் தொடங்குமுன் மெய்நிகர் கணினியை அணைத்து ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு) எடுத்து வைத்திருந்தால், அந்த நிலைக்கே திரும்பிவிடலாம்; இந்தத் துப்புரவு வேலையே இல்லை. வேலை முடிந்ததும் அதை நீக்கிவிட வேண்டும். மாதக்கணக்கில் விட்டால் அது வட்டைத் தின்று வேகத்தையும் குறைக்கும். அதைக் காப்புப்பிரதி என்று நம்புவதும் ஆபத்து.

அடுத்து, நிறுவும் மென்பொருள் சொல்லும் பிழைச் செய்தியை மட்டும் பிடித்துக்கொண்டு தேடுவது. மெய்நிகர் கணினியில் மூன்று அடுக்குகள் இருக்கின்றன: கீழே ஹோஸ்ட் (மெய்நிகர் கணினியைத் தாங்கும் உண்மையான கணினி), நடுவே இயங்குதளம், மேலே தரவுத்தளம். செய்தி மேலடுக்கிலிருந்து வரும். காரணம் கீழே இருக்கலாம். மாங்கோடிபி என்னும் தரவுத்தளத்தில் 5.0 பதிப்பு முதல், இன்டெல் வகைச் செயலிகளில் ஏவிஎக்ஸ் என்னும் கட்டளைத் தொகுதி கட்டாயம். ஹோஸ்டின் செயலியில் அது இருந்தாலும், மெய்நிகர் கணினிக்குக் காட்டப்படாவிட்டால் மாங்கோடிபி ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்’ என்ற ஒற்றை வரியோடு விழுந்துவிடும். மென்பொருளைத் தனிக் கொள்கலனில் ஓட்டும் டாக்கரில் இதுவே 132 என்ற வெளியேறும் எண்ணாகத் தெரியும். அமைப்புக் கோப்பை எத்தனை முறை திருத்தினாலும் பயன் இல்லை. மெய்நிகர் கணினிகளை ஓட்டும் பிராக்ஸ்மாக்ஸில் செயலி வகையை ‘ஹோஸ்ட்’ என்று மாற்றினால் தீரும். அதே வேலையைச் செய்யும் விர்ச்சுவல்பாக்ஸில் சாளரத்தின் கீழ் ஓரம் ஆமைப் படம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அது விண்டோஸின் சொந்த மெய்நிகராக்க அமைப்பான ஹைப்பர்-வி மீது ஏறி ஓடுகிறது என்று பொருள். ஏவிஎக்ஸ் காணாமல் போவதற்கு அடிக்கடி இதுவே காரணம்.

நினைவகத்தை எல்லையை ஒட்டி ஒதுக்குவதும் பரவலான பழக்கம். லினக்ஸில் எஸ்கியூஎல் சர்வர் ஓட குறைந்தது 2 ஜிபி வேண்டும் என்றால், சரியாக அதையே கொடுத்துவிடுகிறார்கள். இயங்குதளத்தின் கருவான கெர்னல் தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு உள்ளே தெரிவது அதைவிடக் குறைவு. போதாமையைச் சொல்லிவிட்டு நிற்கும் மென்பொருள் நல்லது. சொல்லாமல் சாவதுதான் தொல்லை. நினைவகம் தீர்ந்துவிட்டால் கெர்னல் தானே ஒரு செயல்முறையைக் கொன்றுவிடும். பெரும்பாலும் அது தரவுத்தளமாகவே இருக்கும், ஏனெனில் அதிகம் பிடித்து வைத்திருப்பது அதுதான். தரவுத்தளத்தின் லாக்கில் பெரும்பாலும் காரணம் இருக்காது. கெர்னல் லாக்கைத் திறந்தால் ‘அவுட் ஆஃப் மெமரி’ என்ற வரியும் கொல்லப்பட்ட செயல்முறையின் பெயரும் இருக்கும்.

ஆரக்கிள் தரவுத்தளத்தில் இதற்கு ஒரு கிளைக்கதை உண்டு. ஓஆர்ஏ-00845 என்ற பிழை ‘இந்த அமைப்பில் மெமரி டார்கெட் ஆதரிக்கப்படவில்லை’ என்று சொல்லும். படிப்பவர் இயங்குதளம் பொருந்தவில்லை என்றே நினைப்பார். உண்மையில் லினக்ஸின் பகிர்வு நினைவகப் பகுதி, ஆரக்கிள் கேட்ட அளவைவிடச் சிறியதாக இருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பகுதி இயல்பாக ராமில் பாதி அளவே இருக்கும். அதைப் பெரிதாக்க வேண்டும், அல்லது கேட்பதைக் குறைக்க வேண்டும். ஆரக்கிள் 19சி-யில் இன்னொன்று: ஜிப் கோப்பை எங்கோ விரித்துவிட்டுப் பிறகு இடம் மாற்றும் பழைய பழக்கம் செல்லாது. மென்பொருள் எங்கே வாழப்போகிறதோ அந்தக் கோப்புறையிலேயே விரிக்க வேண்டும்.

வட்டு விஷயத்தில் இரண்டைச் சொல்லியாக வேண்டும். ஹைப்பர்வைசரில் (மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்) வட்டை 20 ஜிபியிலிருந்து 60 ஜிபியாக்கியவுடன் வேலை முடிந்தது என்று நினைப்பது ஒன்று. உள்ளே வட்டின் பிரிவும் (பார்ட்டிஷன்) அதன் மேலுள்ள கோப்பு முறைமையும் பழைய அளவிலேயே இருக்கும். இரண்டையும் தனித்தனியே நீட்டினால்தான் இடம் கிடைக்கும். மற்றொன்று, ஹோஸ்டோடு பகிரப்பட்ட கோப்புறையில் தரவை வைப்பது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் தன் தரவுக் கோப்புறை தன் பயனருக்கே சொந்தமாகவும், அனுமதி 0700 அல்லது 0750 ஆகவும் இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கும். விர்ச்சுவல்பாக்ஸின் பகிர்வுக் கோப்புறையில் உரிமையாளரையும் அனுமதியையும் உள்ளிருந்து மாற்ற முடியாது. எனவே நிறுவல் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். தரவுக்கு மெய்நிகர் வட்டுதான் இடம்.

தரவுக் கோப்புறையை வேறு வட்டுக்கு மாற்றியவர்களுக்கு, அனுமதிகள் எல்லாம் சரியாக இருந்தும் ‘பெர்மிஷன் டினைடு’ வருவதுண்டு. ரெட் ஹாட் வகையில் பெரும்பாலும் எஸ்இலினக்ஸ் என்னும் கூடுதல் பாதுகாப்பு அடுக்கின் வேலை அது. அதை ஒரேயடியாக முடக்கிவிடும் அறிவுரையை ஏற்காதீர்கள். சோதனைக்காகச் சிறிது நேரம் எச்சரிக்கை மட்டும் தரும் நிலையில் வைத்துப் பார்க்கலாம். காரணம் அதுதான் என்று உறுதியானால், புதிய கோப்புறைக்கு உரிய அடையாளத்தைச் சேர்த்துவிட்டுப் பழைய நிலைக்கே திருப்பிவிடுங்கள்.

நிறுவல் முடிந்த பிறகு வருவது இணைப்புச் சிக்கல். இங்கே எல்லாப் பிழைகளையும் ‘இணைப்பு வரவில்லை’ என்று ஒரே பெயரில் அழைப்பதுதான் தவறு. ‘கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு’ வந்தால் பொதுவாகக் கோரிக்கை கணினியை அடைந்துவிட்டது, அந்த முகவரியில் அந்தப் போர்ட்டில் (இணைப்புக்கான வாசல் எண்) கேட்க ஆள் இல்லை. போஸ்ட்கிரெஸ் இயல்பாக உள்முகவரியில் (அதே கணினிக்குள் மட்டும் செல்லும் முகவரி) மட்டுமே கேட்கும். கேட்கும் முகவரியை மாற்றிய பின் ரீலோட் போதாது, மறுதொடக்கம் வேண்டும். நெடுநேரம் காத்திருந்து ‘டைம் அவுட்’ ஆனால் வழியிலேயே எங்கோ தொலைகிறது: ஃபயர்வாலைப் பாருங்கள், அல்லது மெய்நிகர் கணினியை ஹோஸ்டின் பின்னால் மறைக்கும் விர்ச்சுவல்பாக்ஸின் நாட் முறையில் இருந்துகொண்டு, அதன் உள் முகவரியான 10.0.2.15-ஐ ஹோஸ்டிலிருந்து நேராக அழைக்கிறீர்களா என்று பாருங்கள். அது போகாது; ஹோஸ்டின் ஒரு போர்ட்டை உள்ளே திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் வேண்டும். ‘நோ ரூட் டு ஹோஸ்ட்’ என்பது பாதை இல்லை என்று சொன்னாலும், ரெட் ஹாட் வகையில் பல சமயம் ஃபயர்வால் மறுத்ததன் அடையாளமே. யார் இணையலாம் என்று சொல்லும் பிஜி-எச்பிஏ கோப்பில் பதிவு இல்லை என்று போஸ்ட்கிரெஸ் சொன்னாலோ, உங்கள் ஹோஸ்டுக்கு அனுமதி இல்லை என்று மைஎஸ்கியூஎல் 1130 எண்ணோடு சொன்னாலோ மகிழுங்கள். நெட்வொர்க் வேலை செய்கிறது; தரவுத்தளத்தில் அனுமதி கொடுப்பது மட்டுமே பாக்கி.

கடவுச்சொல் சரியாக இருந்தும் ஏற்கவில்லையா? ஹோஸ்டிலும் ஒரு போஸ்ட்கிரெஸ் நிறுவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். போஸ்ட்கிரெஸின் வழக்கமான போர்ட்டான 5432-இல் அதுவே உட்கார்ந்திருந்தால், மெய்நிகர் கணினி என்று நினைத்து நீங்கள் தட்டுவது சொந்த வீட்டுக் கதவைத்தான். ஃபார்வர்டிங்கில் ஹோஸ்டின் பக்கம் 15432 போல வேறொரு எண் கொடுத்தால் குழப்பம் தீர்ந்தது.

ஒருமுறை சரியாக நிறுவியதைக் குளோன் செய்து பெருக்குவது நல்ல வழக்கம்தான். ஆனால் அடையாளங்களும் சேர்ந்தே நகலாகும். வரும் இணைப்புகளை ஏற்கும் ஆரக்கிள் லிஸனரின் கோப்பில் பழைய கணினியின் பெயர் அப்படியே இருந்தால் லிஸனர் எழாது. மைஎஸ்கியூஎல் யூயூஐடி என்னும் தன் சர்வர் அடையாள எண்ணைத் தரவுக் கோப்புறையில் உள்ள ஆட்டோ-சிஎன்எஃப் கோப்பில் வைத்திருக்கிறது. இரு குளோன்களுக்கும் அது ஒன்றாக இருந்தால் ஒன்றின் தரவை மற்றதில் படியெடுக்கும் ரெப்ளிகேஷன் மறுக்கப்படும். குளோனில் மைஎஸ்கியூஎல்-ஐ நிறுத்தி, அந்த ஒரு கோப்பை மட்டும் நீக்கிவிட்டுத் தொடங்கினால் புதிய எண்ணைத் தானே உருவாக்கிக்கொள்ளும்.