சங்கீதச் சிநேகிதரோடு ஒரு முழுநாள்: இணுவில் பக்கம் நடையும் பாட்டும்

வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணத்து ஊருக்குப் போகிறவர்கள் ஒரு நாளில் பத்து வீடு ஏறி இறங்குகிறார்கள். வீட்டுக்கு ஒரு தேத்தண்ணி, அரைமணி நேரக் கதை. சொந்தக்காரருக்கு அது போதும். ஒன்றாக இருந்து பாட்டும் மிருதங்கமும் படித்த சிநேகிதருக்குப் போதாது. அவருக்கென்று ஒரு நாளை முழுதாக ஒதுக்குங்கள். காலையில் நடை, பின்னேரம் பாட்டு.

மாதத்தைப் பார்த்துப் போங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒழுங்கைகளில் வெள்ளம் நிற்கும், மிருதங்கத் தோலும் இளகிப்போகும். தை, மாசி நல்ல காலம். பிள்ளைகளின் விடுமுறை கோடையில்தான் என்றால் அது நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களோடு சேர்ந்து வரலாம். சிநேகிதர் நாதஸ்வரமோ தவிலோ வாசிப்பவர் என்றால் கோயில் கோயிலாக ஓடிக்கொண்டிருக்கும் காலம் அது. முன்பே நாள் கேட்டு வையுங்கள்.

தொலைபேசியில் இரண்டு விஷயத்தைக் கேட்டுக்கொள்வது அவசியம். ஒன்று, வீட்டில் துடக்கு (தீட்டு) ஏதும் உண்டா என்பது. செத்த வீடு நடந்து ஆண்டு திரும்பாத வீட்டில் பாட்டு வைக்கச் சொல்லிக் கேட்பது சங்கடம். மற்றது, இப்போது எத்தனை கட்டையில், அதாவது எந்தச் சுருதியில், பாடுகிறார் என்பது. இளவயதில் இரண்டு கட்டையில் பாடியவர் இப்போது ஒன்றுக்கு இறங்கியிருக்கலாம். பெண் சிநேகிதி ஐந்தோ ஐந்தரையோ பாடுவார். ஒரு மிருதங்கத்தை அந்தளவுக்கு ஏற்றி இறக்க முடியாது. சுருதிக்கேற்ற மிருதங்கத்தை அயலில் இரவல் வாங்கி வைக்க அவருக்கு இரண்டு நாளாவது வேண்டும்.

நீங்கள் வயலின் வாசிப்பவர் என்றால் அதைக் கைப்பொதியாகவே கொண்டுபோங்கள். கனடாக் குளிரின் வறண்ட வீட்டில் வழுகிக்கொண்டிருந்த முறுக்காணி ஊரின் ஈரக்காற்றில் ஊதி இறுகிவிடும். வலுவாகத் திருகினால் தந்தி அறும். மெல்ல வெளியே இழுத்து, கொஞ்சம் பென்சில் கரி பூசித் திரும்பச் செருகுங்கள். வட அமெரிக்காவில் வாங்கிய மின்சாரச் சுருதிப்பெட்டி 120 வோல்ட்டுக்கு மட்டும் உரியதா என்று அடியில் பாருங்கள். இலங்கையில் 230. அன்பளிப்புக்கு சொக்லேட்டைவிட நல்ல வயலின் தந்தி இரண்டு செட் மேல்.

நடைக்கு நான் சொல்வது இணுவில் கந்தசுவாமி கோயிலடியில் தொடங்கி, மருதனார்மடம், உடுவில் வழியாகக் கந்தரோடைக்குப் போகும் பாதை. காலை ஆறு மணிக்கே இறங்குங்கள். காங்கேசன்துறை வீதியில் வாகன இரைச்சலில் கதைக்க முடியாது, உள் ஒழுங்கைகளால் போங்கள். தோட்டங்களில் செம்மண் பாத்திகளுக்கு அப்போதுதான் தண்ணீர் பாயும். வெங்காயத் தாளின் வாசம் வேலியைத் தாண்டி வரும். கிளுவை வேலிகள் பல மதிலாகிவிட்டன, ஆனாலும் ஒழுங்கையின் வளைவு மாறவில்லை. கோயிலில் 'உலகப் பெருமஞ்சம்' என்று ஊரார் சொல்லும், சாமி உலா வரும் சிற்பவேலை மஞ்சத்தைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். ஆண்கள் வேட்டி கட்டி, மேற்சட்டையைக் கழற்ற ஆயத்தமாகப் போவது நல்லது. மருதனார்மடத்தில் சந்தை இருக்கிறது, யாழ். பல்கலைக்கழகத்தின் இசை, நடனத் துறைகளும் அங்கேதான். சிநேகிதர் அங்கே படித்தவர் என்றால் நடை அந்த வாசலில் நீளும், நீளட்டும். உடுவில் மகளிர் கல்லூரி 1824இல் தொடங்கியது. கந்தரோடையில் சுண்ணாம்புக்கல்லில் கட்டிய சிறு தூபிகள் கூட்டமாக நிற்கும் இடத்தைப் பார்த்துவிட்டு, வெயில் ஏறமுன் ஆட்டோவில் திரும்பிவிடுங்கள்.

பின்னேரம் பாட்டு. இணுவில் தவில் மேதை தட்சணாமூர்த்தியின் மண், வீரமணி ஐயர் கீர்த்தனை எழுதிய ஊர். இங்கே பக்கத்து வீட்டு ஆச்சிக்கும் தாளம் தெரியும். எனவே நீங்கள் வெளிநாட்டில் மேடையேறிய கதையை முற்றத்தில் வைக்காதீர்கள். அவர் பாடட்டும், நீங்கள் பக்கவாத்தியமாக இருங்கள். சேர்ந்து படித்த வர்ணம் ஒன்றோடு தொடங்கினால் விரல்களுக்குக் கூச்சம் போய்விடும். தெரியாததைத் தெரிந்ததாக வாசிக்காமல், "இந்தச் சங்கதி மறந்துபோச்சு, சொல்லித் தாங்கோ" என்று கேளுங்கள். அவருக்கு அதைவிடச் சந்தோசம் இல்லை. கைபேசியில் பதிவதென்றால் அனுமதி கேட்டு ஒரு பாட்டை மட்டும் பதியுங்கள்.

பழைய வாத்தியம் எங்கே என்று நீங்களாகக் கேட்காதீர்கள். 1995 ஒக்டோபர் கடைசியில் போரினால் இந்த வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்தபோது எடுத்துக்கொண்டு போக முடிந்தது கொஞ்சம்தான். திரும்பி வந்து வெறும் வீட்டைப் பார்த்தவர்கள் பலர். அவர் சொன்னால் கேளுங்கள், இடையில் உங்கள் கதையைப் புகுத்தாதீர்கள்.

இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டாரைச் சிரமப்படுத்தாமல் மத்தியானமே சாமான் வாங்கிக் கொடுத்தால் காய்ந்த பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சி எல்லோரும் சுற்றியிருந்து குடிக்கலாம். ஆட்டோக்காரரின் நம்பரைப் பகலிலேயே வாங்கி வையுங்கள். இரவல் வாங்கிய மிருதங்கத்தைத் திருப்பிக் கொடுக்கமுன் இடப்பக்கத் தோலான தொப்பியில் பூசிய ரவையைச் சுரண்டித் துடைத்துவிட்டு, அதை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.