எடை போட்டு எண்ணும் வித்தை: படிவம் 4 மாணவருக்கு மோல் கணக்கு

ஒரு மைலோ டின் நிறையப் பத்து சென் நாணயங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாக எண்ணப் பொறுமையில்லை. 2012இல் வெளிவந்த வரிசையில் பத்து சென் ஒன்றின் எடை 2.98 கிராம். நாணயங்களை மட்டும் சமையலறைத் தராசில் கொட்டுங்கள். 1490 கிராம் காட்டினால் அதை 2.98ஆல் வகுங்கள்: 500 நாணயம், 50 ரிங்கிட். மோல் கணக்கில் நடப்பதும் இதேதான். கையால் எண்ண முடியாத அளவுக்குச் சிறியதை எடை போட்டு எண்ணுகிறோம்.

தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்கு வரும் பிள்ளைக்குப் பாதித் தடுமாற்றம் கணக்கில் இல்லை, சொல்லில் இருக்கிறது. ஆகவே முதலில் ஒரு பக்கம் ஒதுக்கி மலாய்ச் சொற்களை எழுதிக்கொள்ளுங்கள். ஜிசிம் என்றால் நிறை. இசி பாடு என்றால் கன அளவு. ஸாராஹ் என்றால் துகள். நொம்போர் புரோட்டோன் என்பது அணு எண், நொம்போர் நியுக்லியோன் என்பது நிறை எண். கடைசி இரண்டையும் மாற்றிப் போட்டால் பின்னால் வரும் எல்லாம் தப்பாகும்.

அணுவுக்குள் என்ன இருக்கிறது

இந்தப் பகுதியை நீட்ட வேண்டியதில்லை. கருவில் புரோட்டானும் நியூட்ரானும், வெளியே கூடுகளில் எலக்ட்ரான்கள். சோடியத்தின் அணு எண் 11, நிறை எண் 23. ஆகப் புரோட்டான் 11, நியூட்ரான் 23 - 11 = 12, எலக்ட்ரான் 11. எலக்ட்ரான் அடுக்கு 2.8.1. வெளியே இருக்கும் அந்த ஒற்றை எலக்ட்ரானை இழந்தால் சோடியம் அயனி, அடுக்கு 2.8. அயனியானாலும் புரோட்டான் 11தான். "அயனியில் எத்தனை புரோட்டான்?" என்ற கேள்விக்கு 10 என்று எழுதுபவர்கள் எலக்ட்ரானைக் கழிக்க வேண்டிய இடத்தில் புரோட்டானைக் கழித்துவிட்டார்கள். புரோட்டான் மாறினால் தனிமமே மாறிவிடும்.

யார் எதைக் கண்டார் என்பதற்கு ஆண்டு வரிசையில் மனப்பாடம் செய்வது எளிது: 1897இல் தாம்சன் எலக்ட்ரான், 1911இல் ரதர்ஃபோர்டு அணுக்கரு, 1913இல் போர் கூடுகள், 1932இல் சாட்விக் நியூட்ரான்.

மோலுக்குத் தேவையான ஒரே செய்தி, அணுவின் எடை ஏறக்குறைய முழுதும் கருவில் இருக்கிறது என்பது. எலக்ட்ரானின் நிறை புரோட்டானின் நிறையில் 1840இல் ஒரு பங்குதான். அதனால்தான் சோடியம் அணுவும் சோடியம் அயனியும் கணக்கில் ஒரே 23.

சரி, நிறை எண் எப்போதும் முழு எண். பிறகு குளோரினுக்கு மட்டும் 35.5 எங்கிருந்து வந்தது? மறுபடி மைலோ டின்னுக்கே போவோம். அதில் 1989 வரிசை நாணயங்களும் கலந்திருக்கும். பின்பக்கம் சோங்காக் (பல்லாங்குழி) பலகை போட்ட பழைய பத்து சென் 2.82 கிராம். பழையதோ புதியதோ, கடையில் இரண்டுக்கும் ஒரே மதிப்புதான். எடைதான் வேறு. ஐசோடோப்புகளும் அப்படியே: புரோட்டான் எண்ணிக்கை ஒன்று, வேதிக் குணம் ஒன்று, நியூட்ரான் வேறு, ஆகவே நிறை வேறு. டின்னில் 75 பழையதும் 25 புதியதும் இருந்தால் சராசரி:

(75 × 2.82 + 25 × 2.98) ÷ 100 = 2.86 கிராம்

2.86 கிராம் எடையுள்ள நாணயம் டின்னில் ஒன்றுகூட இல்லை. ஆனால் மொத்த எடையை 2.86ஆல் வகுத்தால் எண்ணிக்கை சரியாக வரும். குளோரினில் நிறை எண் 35 உள்ளது ஏறக்குறைய 75 விழுக்காடு, 37 உள்ளது 25 விழுக்காடு. அதே கணக்கைப் போட்டால் 35.5 கிடைக்கும். இதுதான் சார்பு அணு நிறை. கார்பன்-12 அணுவின் நிறையில் பன்னிரண்டில் ஒரு பங்கோடு ஒப்பிட்ட எண் என்பதால் இதற்கு அலகு கிடையாது. பரீட்சைத் தாளில் 35.5 கிராம் என்று எழுதினால் அது சார்பு அணு நிறை ஆகாது, ஒரு மோல் குளோரின் அணுக்களின் நிறை ஆகிவிடும்.

மோல் என்பது ஓர் எண்ணிக்கை

டஜன் என்றால் 12. மோல் என்றால் 6.02 × 10²³. இந்த எண்ணைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வசதிதான்: இத்தனை அணுவை எடுத்தால், சார்பு அணு நிறை எதுவோ அத்தனை கிராம் வரும். கார்பன் 12 கிராம், மெக்னீசியம் 24 கிராம், தங்கம் 197 கிராம். முன்பு 12 கிராம் கார்பன்-12இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கை என்று மோலுக்கு இலக்கணம் இருந்தது. 2019 மே 20 முதல் 6.02214076 × 10²³ என்று எண்ணையே நேரடியாக நிர்ணயித்துவிட்டார்கள். வகுப்புக் கணக்கில் இதனால் எதுவும் மாறவில்லை.

மஸ்ஜித் இந்தியா பக்க நகைக்கடையில் ஒரு பவுன் 916 நகை வாங்கினால் எத்தனை தங்க அணு? பவுன் 8 கிராம், அதில் 91.6 விழுக்காடு தங்கம், ஆக 7.328 கிராம். 197ஆல் வகுத்தால் 0.0372 மோல். 6.02 × 10²³ஆல் பெருக்கினால் 2.24 × 10²² அணு. மீதி செம்பும் வெள்ளியும் போன்ற கலப்பு. 916ஐக் கவனிக்காமல் 8ஐ நேராக 197ஆல் வகுத்தால் விடை 2.44 × 10²² என்று கூடுதலாக வரும். தூய்மை விழுக்காடு கொடுத்த கேள்விகளில் விழும் பொறி இதுதான்.

இன்னொன்று: ஒரு கிலோ சீனிப் பொட்டலத்தில் மூன்று மோல்கூட இல்லை. சீனி மூலக்கூறில் 12 கார்பன், 22 ஹைட்ரஜன், 11 ஆக்சிஜன். 144 + 22 + 176 = 342. ஆயிரத்தை 342ஆல் வகுத்தால் 2.92.

எந்தக் கணக்கானாலும் பாதை மோல் வழியாகத்தான். கிராமிலிருந்து மோலுக்கு வர, மோலார் நிறையால், அதாவது ஒரு மோலின் கிராம் எடையால் வகுங்கள். மோலிலிருந்து துகளுக்குப் போக, 6.02 × 10²³ஆல் பெருக்குங்கள். வாயுவின் கன அளவுக்குப் போக, அறை நிலையில் 24 கன டெசிமீட்டராலும், 0 டிகிரி செல்சியஸில் ஒரு வளிமண்டல அழுத்தத்தில் 22.4ஆலும் பெருக்குங்கள். திரும்பி வர வகுங்கள். கிராமிலிருந்து துகளுக்கோ கன அளவுக்கோ குறுக்குச் சந்து தேடாதீர்கள். அங்கேதான் வழி தவறும்.

தப்பு நடக்கும் இடங்கள் சில உண்டு. முதலாவது, "எதன் மோல்?" என்று கேட்காமல் விடுவது. 8 கிராம் ஆக்சிஜன் வாயுவை 16ஆல் வகுத்து 0.5 மோல் என்று எழுதினால், அது அணுக்களின் மோல். வாயுவில் ஆக்சிஜன் இரண்டிரண்டாகச் சேர்ந்திருக்கிறது, ஆகவே மூலக்கூறு 8 ÷ 32 = 0.25 மோல். கன அளவு கேட்டால் 0.25ஐத்தான் 24ஆல் பெருக்க வேண்டும். அயனிச் சேர்மங்களிலும் இதே எச்சரிக்கை: 1 மோல் மெக்னீசியம் குளோரைடில் குளோரைடு அயனி மட்டும் 2 மோல், மொத்த அயனி 3 மோல். எண்ணை எழுதியதும் பக்கத்திலேயே "அணு", "மூலக்கூறு", "அயனி" என்று ஒரு சொல் எழுதும் பழக்கம் வந்தால் இந்தத் தப்பில் பெரும்பாலானது மறையும்.

இரண்டாவது, 24ஐத் திரவத்துக்கும் போடுவது. 18 கிராம் தண்ணீர் ஒரு மோல், கன அளவு 18 கன சென்டிமீட்டர். கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு சின்னக் குவளையில் அடங்கிவிடும். அதை 24 கன டெசிமீட்டர் என்றால் ஒன்றரை லிட்டர் மினரல் வாட்டர் போத்தல் பதினாறு நிறையும். மோலார் கன அளவு வாயுவுக்கு மட்டும். வீட்டில் இருக்கும் 14 கிலோ கேஸ் தோங்கை (சிலிண்டரை) எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது முழுக்க பியூட்டேன் என்று வைத்துக்கொண்டால் மோலார் நிறை 58, ஆக 241 மோல். வாயுவாக வெளியே விட்டால் ஏறக்குறைய 5800 லிட்டர். அத்தனையும் அந்தத் தோங்குக்குள் அடங்கியிருப்பது அழுத்தத்தில் திரவமாக இருப்பதால்தான்.

மூன்றாவது அலகு. 1 கன டெசிமீட்டர் என்பது 1 லிட்டர், 1000 கன சென்டிமீட்டர். கேள்வி 480 கன சென்டிமீட்டர் என்று கொடுத்து, நீங்கள் 24ஆல் வகுத்தால் 20 மோல் வாயு வந்து நிற்கும். பள்ளி ஆய்வகச் சோதனைக் குழாயில் 20 மோல் வாயு வரவே வராது. சரியான விடை 0.02.

சமன்பாட்டில் விகிதம் மோலுக்குத்தான்

பத்துமலை முழுக்கச் சுண்ணாம்புப் பாறை, அதாவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். கடையில் வாங்கிய தூய கால்சியம் கார்பனேட் 5 கிராமில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் அறை நிலையில் எவ்வளவு கார்பன் டைஆக்சைடு வரும்? ஒரு மோல் கார்பனேட்டுக்கு இரண்டு மோல் அமிலம் செலவாகி ஒரு மோல் வாயு வருகிறது. கார்பனேட்டின் மோலார் நிறை 40 + 12 + 48 = 100, ஆக 0.05 மோல். வாயுவும் 0.05 மோல், 1.2 கன டெசிமீட்டர். அமிலம் 0.1 மோல் வேண்டும். லிட்டருக்கு 1 மோல் செறிவுள்ள அமிலம் என்றால் 100 கன சென்டிமீட்டர். விகிதம் 1:2 என்று பார்த்ததும் 5 கிராமுக்கு 10 கிராம் அமிலம் என்று எழுதுவதுதான் இங்கே வழக்கமான சறுக்கல்.

மெக்னீசியம் ஆக்சைடு சோதனை

மோலைக் கண்ணால் காட்டும் சோதனை இதுதான், கெடுவதற்கும் இதில் வழி அதிகம். மெக்னீசியத்தை எரித்து, அதோடு எத்தனை மோல் ஆக்சிஜன் சேர்ந்து ஆக்சைடு ஆகிறது என்று எடை போட்டுப் பார்க்கிறோம். மங்குக் பிஜார் எனப்படும் பீங்கான் கிண்ணமும் மூடியும், களிமண் முக்கோணம், முக்காலி, இடுக்கி, உப்புத்தாள், மெக்னீசியம் ரிப்பன், 0.01 கிராம் வரை காட்டும் தராசு ஆகியவை வேண்டும்.

ரிப்பனின் நீளத்தை யோசித்து வெட்டுங்கள். வழக்கமான பள்ளி ரிப்பன் மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிராம். 10 சென்டிமீட்டர் எடுத்தால் 0.1 கிராம்தான், அதற்குச் சேரும் ஆக்சிஜன் 0.07 கிராம். தராசு 0.01 பிசகினாலே விடை ஆடிப்போகும். 24 சென்டிமீட்டர் எடுத்தால் கணக்கும் அழகாக வரும், பிழையும் குறையும்.

வெற்றுக் கிண்ணத்தை மூடியோடு ஐந்து நிமிடம் சூடாக்கி ஆறவைத்து எடை போடுங்கள். கோலாலம்பூர் காற்றின் ஈரத்தில் அலமாரியில் கிடந்த பீங்கான் ஈரம் குடித்திருக்கும். ரிப்பனை வெள்ளி மாதிரி மின்னும்வரை உப்புத்தாளால் தேய்த்து, தளர்வாகச் சுருட்டிப் போட்டு மறுபடி எடை போடுங்கள். இறுக்கிச் சுருட்டினால் உள்சுருளுக்குக் காற்றுப் போகாது. மூடி இல்லாமல் பலமாகச் சூடாக்கி, ரிப்பன் எரியத் தொடங்கியதும் மூடுங்கள். பிறகு இடுக்கியால் மூடியை லேசாகத் தூக்கித் தூக்கிக் காற்று விடுங்கள். தூக்கும்போது வெள்ளைப் புகை எழுந்தால் உடனே மூடுங்கள், அந்தப் புகையே நீங்கள் எடை போட வேண்டிய பொருள். எரிவது நின்றதும் மூடியை எடுத்து இரண்டு நிமிடம் பலமாகச் சூடாக்கி, ஆறவைத்து எடை போடுங்கள். சூடு, ஆறல், எடை என்று, அடுத்தடுத்து இரண்டு எடை ஒன்றாக வரும்வரை திரும்பச் செய்யுங்கள்.

மாதிரி அளவு: கிண்ணமும் மூடியும் 24.56, மெக்னீசியத்தோடு 24.80, கடைசியில் 24.96 கிராம். மெக்னீசியம் 0.24 ÷ 24 = 0.01 மோல். ஆக்சிஜன் 0.16 ÷ 16 = 0.01 மோல். விகிதம் 1:1.

கடைசி எடை 24.92 என்று வந்தால் ஆக்சிஜன் 0.0075 மோல், விகிதம் 4:3. அதை நைசாக 1:1 ஆக்காமல், எங்கே போனது என்று தேடுங்கள். புகை தப்பியிருக்கலாம். ரிப்பன் முழுதும் எரியாமல் இருக்கலாம். உப்புத்தாள் போடாததால் ஏற்கெனவே இருந்த ஆக்சைடு மெக்னீசியமாகக் கணக்கில் ஏறியிருக்கலாம். கிண்ணம் சூடாக இருக்கும்போதே எடை போட்டால், மேலெழும் வெப்பக் காற்று எடையைக் குறைத்துக் காட்டும். கொஞ்சம் மெக்னீசியம் காற்றிலுள்ள நைட்ரஜனோடு சேர்ந்து நைட்ரைடு ஆனாலும் எடை குறையும். ஆறிய பிறகு இரண்டு மூன்று சொட்டுத் தண்ணீர் விட்டு, மெதுவாகத் தொடங்கிப் பலமாகச் சூடாக்கினால் அம்மோனியா வாடையோடு அது சரியாகும். கவனித்தீர்களா, இத்தனை பிழையும் ஆக்சிஜனைக் குறைத்தே காட்டுகின்றன. கூடுதலாக வந்தால் சந்தேகப்பட வேண்டியது வேறு: மஞ்சள் சுடரின் கரி கிண்ணத்தின் அடியில் ஒட்டியிருக்கும், அல்லது ஆக்சைடை மறுநாள் வரை திறந்து வைத்ததில் அது ஈரம் இழுத்திருக்கும்.

செம்புக்கு இந்த முறை உதவாது, அது காற்றில் முழுதாக ஆக்சைடு ஆகாது. தலைகீழாகச் செய்ய வேண்டும்: கறுப்புச் செம்பு ஆக்சைடைச் சூடாக்கி அதன்மேல் உலர்ந்த ஹைட்ரஜனை ஓடவிட்டு ஆக்சிஜனைப் பறிக்க வேண்டும். குழாயிலுள்ள காற்றெல்லாம் வெளியேறும் முன் பற்றவைத்தால் வெடிக்கும். ஆகவே வெளிவரும் வாயுவைச் சோதனைக் குழாயில் பிடித்து எரித்துப் பார்த்து, டப்பென்ற சத்தமின்றி அமைதியாக எரிந்த பிறகே அடுப்பைப் பற்றவையுங்கள். கறுப்பு முழுதும் செம்பழுப்பானதும் அடுப்பை அணையுங்கள், ஹைட்ரஜனை நிறுத்தாதீர்கள். குழாய் ஆறும்வரை அது ஓடட்டும். முன்கூட்டியே நிறுத்தினால் சூடான செம்பின் மேல் காற்றுப் பட்டு அது மறுபடி கறுத்துவிடும்.